சிக்காமல் ஓடும் கதவு

உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, சொந்த வீட்டில் ஒரு கதவை எப்படித் திறப்பது என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இடது தோளைச் சட்டத்தில் முட்டுக்கொடுக்க வேண்டும். பிடியை மேல்பக்கமாக ஒரு தூக்குத் தூக்கி, கீழே காலால் ஓர் உதை கொடுத்து, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். இத்தனையும் செய்தால் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குக் கண்ணாடிக் கதவு நகரும். மாவுக்கட்டுப் போட்ட வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ புது மிக்ஸியை விளக்குவதுபோல அவள் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். அந்தக் கை உடைந்ததே இந்தக் கதவால்தான். ஒரு விடியற்காலை பின்பக்கத்துக் குளியலறைக்குப் போவதற்காக இழுத்திருக்கிறாள், பிடி கைநழுவி மல்லாந்து விழுந்திருக்கிறாள். அந்தச் செய்தி கேட்டுத்தான் கனடாவிலிருந்து மூன்று வார விடுப்பில் ஓடிவந்திருந்தேன்.

கதவு அப்பாவின் ஆசை. அவர் ஒரு கோடையில் கனடாவுக்கு வந்து, வினிபெக்கில் எங்களோடு தங்கியிருந்தார். அந்த ஊரில் அவருக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை, எங்கள் வீட்டின் பின்பக்கத்துப் பேட்டியோ டோரைத் தவிர. தரையிலிருந்து தலைக்கு மேல்வரை கண்ணாடி. ஒரு விரலால் தள்ளினால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு காபியும் கையுமாக மணிக்கணக்கில் புல்வெளியைப் பார்த்திருப்பார். ஊருக்குத் திரும்பியதும் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டி, கழனி தெரிகிற மாதிரி அதே கதவை வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். காஞ்சிபுரத்திலிருந்து ஆள் வந்து போட்டுக்கொடுத்தார்கள். முன்பக்கத்தில் பழைய தேக்கு நிலையும் இரட்டைக் கதவும், பின்பக்கத்தில் கனடா. அப்பா சில வருடங்கள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நாற்று நடுவதையும் கதிர் அறுப்பதையும் பார்த்தார். இரண்டு வருடம் முன்பு போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அம்மா தன் கட்டிலை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். முன்கட்டில் என் தம்பி குமரனும் அவன் மனைவி செல்வியும் இருக்கிறார்கள்.

போட்டுக்கொடுத்த கடைக்காரர் தொழிலையே விட்டுவிட்டாராம். வேறு ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். குமரன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். “கதவ எட்த்துட்டு செவுரு எழுப்பிடலாம்ணா. அம்மாவ ஹால்ல படுக்க வெச்சிக்கலாம். எத்தினி வாட்டி விய வுட்றது?” என்றான். அவன் சொன்னதில் அக்கறையும் இருந்தது, அலுப்பும் இருந்தது. தினமும் பார்த்துக்கொள்கிறவன் அவன், எப்போதாவது வந்து இறங்குகிறவன் நான். ஆனால் சுவர் என்றதும் அம்மாவின் முகம் செத்துவிட்டது. “ஹால்ல வேணாண்டா. அந்த ரூம்லதான் எனுக்கு மூச்சு வுட முடியுது” என்று மட்டும் சொன்னாள். நான் கிளம்புவதற்குள் அந்தக் கதவை ஓட வைத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவுசெய்தேன்.

கனடா எனக்கு ஏதாவது கற்றுக்கொடுத்திருக்கிறதென்றால் அது இதுதான்: கூப்பிட்டால் வர அங்கே ஆள் கிடையாது. முதல் பனிக்காலத்தில் எங்கள் பேட்டியோ டோர் உறைந்து சிக்கிக்கொண்டபோது, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். மனுஷர் பதறிப்போய், யாருக்கு என்ன ஆயிற்று என்று பூட்ஸ்கூடப் போடாமல் வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவந்தார். அவருக்குக் கூப்பிடுவது என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது. கதவுக்காகத்தான் கேட்டேன் என்று புரிந்ததும், என் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் திணித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டினேன். பிறகு நானே கதவைக் கழற்றவும், சக்கரங்களை மாற்றவும் பழகிக்கொண்டேன். குழாய், கூரை, கார் என்று எல்லாவற்றுக்கும் நானே வேலையாள் ஆனேன். இதைச் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்வோம். நம்மைத் தேடி யாரும் வருவதில்லை என்பதற்கு அது கொஞ்சம் கௌரவமான பெயர்.

எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர். பனியனோடு தரையில் படுத்துக்கொண்டு நான் கதவின் கீழ் விளிம்பில் ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்ததை, கழனிக்குப் போன எதிர்வீட்டுப் பெரியப்பா வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்.

“இன்னாபா, கனடாவுல இத்தான் உனுக்கு வேலையா? கம்பூட்டர்னு சொல்லிக்கினு இருந்தானே உங்கப்பன்?”

“இல்ல பெரியப்பா, சும்மா வீட்டு வேலைதான்.”

“தோ பாரு, கூச்சப்படாத. எல்லா வேலையும் வேலதான்.”

மாலைக்குள் டீக்கடையில் நான் கனடாவில் கதவு ரிப்பேர் செய்கிறவன் ஆகிவிட்டேன். குமரனுக்கு அவமானமாகப் போய்விட்டது. “ஒரு ஆள வெச்சிப் பண்ணா இன்னாண்ணா? பேஜாரா கீது” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இருந்தாலும் மறுநாள் கண்ணாடியைக் கழற்ற இன்னொரு பக்கம் பிடித்தது அவன்தான். கதவை மேல் பள்ளத்துக்குள் தூக்கி, கீழ்ப்பகுதியை நம் பக்கம் இழுத்தால் விடுபட்டு வந்துவிடும். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கி அம்மாவின் கட்டில்மேல் கிடத்தினோம். அப்போதுதான் அடியில் இருந்த சக்கரங்களைப் பார்த்தேன். சக்கரங்கள் என்று சொல்லவே முடியவில்லை. செம்மஞ்சளாக ஏதோ பிசின் அவற்றைக் கெட்டியாக மூடியிருந்தது. சக்கரம் ஓடுவதற்காகத் தரையில் பதித்திருந்த டிராக்கின் பள்ளத்திலும் அதேதான், விரல் கனத்துக்கு. கிளறி எடுத்து முகர்ந்து பார்த்தேன். மஞ்சள், குங்குமம், பச்சரிசி மாவு. சிக்காமல் இருக்கட்டும் என்று குமரன் அவ்வப்போது ஊற்றிய தேங்காயெண்ணெய் அத்தனையையும் குழைத்துக் கல்லாக்கியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோயைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பு வேறு. அம்மாவைக் கூப்பிட்டு, “இது நிலைப்படி இல்லம்மா, டிராக்கு. இங்க போய் மஞ்சள் பூசினா சக்கரம் எப்படி ஓடும்? இனிமே இதுல பொடி, எண்ணெய் எதுவும் படக்கூடாது” என்று பாடம் நடத்தினேன். அவள் என்னைப் பார்க்காமல், கட்டில்மேல் கிடந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். “சரி நைனா. தொட்ச்சிடு” என்றாள். குமரன் வெளியே போய்விட்டான். நான் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தேன்.

விஷயத்தைச் சொன்னது செல்வி. வெந்நீர் கொண்டுவந்து வைத்தவள் பள்ளத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் விமானம் ஏறிய அந்த வாரம், எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து, முன்வாசல் நிலைக்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைப்பது இனிமேல் மருமகளின் வேலை என்று சொல்லியிருக்கிறாள். சுமங்கலி வீட்டில் இருக்கும்போது மற்றவள் தொடக்கூடாதாம். அம்மா மஞ்சள் கிண்ணத்தை செல்வியிடம் கொடுத்துவிட்டாள். மீதியைப் பள்ளமே சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அம்மா இந்தப் பின்வாசலில், எல்லோரும் எழுவதற்கு முன்னால், வெள்ளிதோறும் வைத்திருக்கிறாள். விடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் துடைத்தும் விட்டிருக்கிறாள். துடைத்ததெல்லாம் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறது. நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். பெரியம்மாமேல் வந்த கோபத்தைவிட, சற்று முன்பு பாடம் நடத்திய என் வாய்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

இன்னும் கட்டில் பக்கமே நின்றிருந்த அம்மாவிடம் போய் செல்வி அழுதாள். “என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன், அத்தை?”

“நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து வெச்ச வாசப்படி அது. உன்னக் கேட்டு வெக்கணுமாம்மா?”

அதில் கோபமே இல்லை. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவே தொடர்ந்து, “பயக்கம். வெள்ளிக்கெயம மொட்டையா கீற படிய தாண்ட கால் வர்ல. அதான் வெச்சேன். வுடுங்க” என்றாள்.

வியாழக்கிழமை மாலை கதவை மாட்டினோம். காஞ்சிபுரத்தில் தேடி வாங்கிய புதுச் சக்கரம், சுத்தமான டிராக், மேலே எண்ணெய்க்குப் பதிலாக லேசாக சிலிகோன் ஸ்ப்ரே. ஒரு விரலால் தள்ளினேன், அந்தக் கோடிவரை போய் நின்றது. குமரன் சுவர்ப் பேச்சை எடுக்கவில்லை. செல்வி தானாகவே மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்து, நாளைக்கு முன்வாசலுக்கு நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் கெஞ்சினாள். அவள் மனதாரத்தான் கேட்டாள். அம்மாவும் தலையாட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அம்மா குளித்துவிட்டு, இடது கையில் கிண்ணத்தோடு முன்வாசலுக்கு வந்தாள். செல்வி நிலைப்படியைக் கழுவி வைத்திருந்தாள். அம்மா குனிந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த வலது கை விரலை மஞ்சளில் தோய்க்கும்போது எதிர்வீட்டு வாசலில் பெரியம்மா பால் சொம்போடு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்துவதற்காகவே காத்துக்கொண்டிருந்தேன். வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அம்மா நிமிர்ந்து கிண்ணத்தை செல்வியிடம் நீட்டினாள். “நீயே வெச்சிடும்மா. கை வலிக்குது” என்றாள். நான் வந்த நாளிலிருந்து அவள் வலிக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் பின்னாலேயே நான் அந்த அறைக்குப் போனேன். “பின்வாசலுக்காவது வைம்மா. நான் சொன்னதெல்லாம் விடு. எத்தனை தடவை சிக்கினாலும் கழட்டித் துடைச்சுத் தரேன்” என்றேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை ஏதோ உளறினால் சிரிக்கிற மாதிரியான சிரிப்பு. “கதவு இங்க கீது. நீ அங்க கீற. யாரு வந்து தொடைக்கிறது, நைனா?” என்றாள். பிறகு ஒரு விரலால் கதவைத் தள்ளிக்கொண்டு குளியலறைப் பக்கம் போய்விட்டாள். மூன்றாம் நாள் நான் ஊரை விட்டுக் கிளம்பினேன்.

வினிபெக்கில் எனக்கு வியாழக்கிழமை மாலையாக இருக்கும்போது அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விடிகிறது. அந்த நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிடுகிறேன். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், கையை நன்றாகவே மடக்குகிறாள். எங்கள் பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தக் கதவில் வந்து நிற்கும். “ஜம்முனு ஓடுது நைனா. நீ பண்ண வேல இல்ல?” என்று போனைத் தாழ்த்தி எனக்குக் காட்டுகிறாள். டிராக் பளபளவென்று இருக்கிறது, பள்ளத்தில் ஒரு துளி மஞ்சள் இல்லை. என் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அவளுடைய வெள்ளிக்கிழமைக்குள் கண்ணை நுழைத்துக்கொண்டு, கதவு சிக்குகிறது என்று அவள் ஒரு தடவையாவது சொல்லமாட்டாளா என்று வாரா வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.