கோயிலுக்கு முன்னால் கடல்

அந்தப் படத்தில் ஒரு புல்விதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரைந்ததல்ல, நிஜ விதை. சின்னப் பலகையில் ஒரு கிராமத்து மாதா கோயில், மஞ்சள் மணிக்கூண்டு, பின்னால் குன்று. இத்தாலியில் வயல் வரப்பில் நின்று வரைந்துகொண்டிருந்தபோது காற்றில் பறந்து வந்து ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொண்டதாம். ராயபுரத்தில் சித்தப்பா வீட்டுச் சுவரில் அது இன்னும் தொங்குகிறது. அங்கே போனால் நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. கயிறு கட்டிய பலகையில் தொங்கிக்கொண்டே கப்பலின் பெயரை எழுதுவார். படிக்கத் தெரியாத பாஷையானாலும் ஓர் எழுத்து கோணாது. யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து, ரிப்பேருக்கு வந்து நின்ற ஓர் இத்தாலிக் கப்பலின் இஞ்சினியர் அந்தக் கைவேலையில் மயங்கிவிட்டார். தான் வரைந்த படத்தில் வானத்துச் சாயம் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது, கல்கத்தா போய்த் திரும்புவதற்குள் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். நான் அப்போது காலேஜ் முதல் வருஷம். இங்கிலீஷ் தெரியும் என்ற திமிர். பேசுவதற்கு என்னைத்தான் கூட்டிப்போயிருந்தார் சித்தப்பா. அந்த மனுஷர் உடைந்த இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார். விதைக் கதையை எடுத்துச் சொன்னேன், வானத்தைப் பற்றிச் சொன்னேன். வயலில் இருந்த சிவப்புப் புள்ளியைத் தொட்டு அவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். அது தலையில் சிவப்புத் துணி கட்டிய அவருடைய அம்மா. யுத்தத்தில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படமே கிடையாது. எனக்கோ மாட்டினி சினிமாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"இன்னாடா சொல்றாரு?"

"அவுங்க ஊரு கோயிலாம். வா சித்தப்பா, போலாம்."

வானம் ஒரே நாளில் சரியாகிவிட்டது. சித்தப்பாவின் கை சும்மா இருக்குமா? சித்தி மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். "இன்னாய்யா கோயிலு இது, எதுக்க கடலே காணோம்? கட்டுமரத்துல வர்றவன் எத்தப் பாத்துக் கும்புடுவான்?" என்று கிண்டலடித்திருக்கிறாள். சித்தப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கிறது. வயல் முழுக்கக் கப்பல் நீலத்தைத் தீட்டி, அழகாக அலையும் வைத்துவிட்டார், விதையை மட்டும் ஒதுக்கி. நான் பார்த்தபோது எல்லாம் காய்ந்து போயிருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். டர்பன்டைன் போட்டுத் துடைத்தால் வயலும் சேர்ந்து போய்விடுமே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். 

கப்பல் திரும்பி வந்தது. சித்தப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் படத்தை நீட்டினார். இஞ்சினியரின் விரல் அலைகளின் மேல் ஊர்ந்து, ஓரிடத்தில் நின்றது. அவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நீ சொல்லவில்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னாடா கேக்குறாரு?"

"சோக்கா கீதாம், சித்தப்பா."

பூரித்துப்போயிருந்த அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார் இஞ்சினியர். பிறகு படத்தைச் சித்தப்பாவின் கையிலேயே வைத்து அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கப்பலில் ஏறிப் போய்விட்டார். வெள்ளைக்காரன் தனக்கே பரிசாகக் கொடுத்துவிட்டான் என்று டோல்கேட் வரைக்கும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார் சித்தப்பா.

இப்போது ஆபீஸில் டைப் அடிக்கிறேன். நாள் முழுக்க யாரோ சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் அடிக்கிற வேலை. போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அங்கே போனால், படம் சுவரில் இல்லை. சித்தப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டாங்குச்சியில் நீலம் கலக்கிக்கொண்டிருந்தார். உப்புக்காற்றில் கடல் உரிந்திருந்தது. விதைக்குப் பக்கத்தில் நகத்தளவு மஞ்சள் வயல். அதன் நடுவே அந்தப் புள்ளி.

"கடல்ல ஏதுடா செவப்பு?" என்றபடி பிரஷ்ஷை எடுத்தார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாத சித்தப்பா. அது அவரோட அம்மா."