கொதித்த தண்ணீரும் பழஞ்சிப் பானையும்

வந்த நோயைத் தீர்க்கிற வைத்தியருக்கு வெற்றிலை பாக்கு கிடைக்கும். நோய் வராமலிருக்க வழி சொல்லி அலைகிற என்னைப் போன்ற சுகாதாரப் பிரசாரகனுக்கு வசவுதான் கிடைக்கும். ஊருக்கு நல்லது சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடை, நாஞ்சில்நாட்டில் வாந்திபேதி. என் கையில் ஒரு கட்டு நோட்டீஸ்.

மயிலாடியில் வாசித்தது

கல் கொத்துகிற பட்டறையில் நின்று நோட்டீஸை முழுதும் வாசித்தேன். "அசுத்த ஜலத்தின் மூலம் விஷக் கிருமிகள் தேகத்தில் பிரவேசித்து" என்று தொடங்கி இரண்டு பக்கம். அதில் பாதி என் கைவண்ணம், அந்தப் பெருமை வேறு. பெரிய ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரி ஏமானே, இப்ப நாங்க என்னதான் செய்யணும்?"

தோவாளைக் கிணறு

கிணற்றில் போடுகிற மருந்து தண்ணீரைச் சிவப்பாக்கிவிடும். தோவாளையில் அது தெரியாமல் ஒருத்தி அந்தத் தண்ணீரைப் பிச்சிப்பூவில் தெளித்துவிட்டாள். ஒரு கடவப் பெட்டி பூவும் கறை. மறுநாள் கிணற்றைச் சுற்றிப் பெண்கள் அரண் போட்டு நின்றார்கள். உயிர் பெரிதா, பூ பெரிதா என்று நான் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. பூக்காரி நிதானமாகச் சொன்னாள்: "பேதி எப்ப வரும்னு உமக்கே தெரியாது. பூ எடுக்க வியாபாரி இப்ப வந்திருவான்." பூவுக்குத் தண்ணீர் கோரி வைத்த பிறகு மருந்து போடலாம் என்றேன். உடனே வழி விட்டவளும் அவள்தான்: "இத நேத்தே சொல்லப்படாதா?"

முட்டத்தில் ஒரு வீடு

ஆசாரியின் கேள்விக்குப் பிறகு ஆபீசில் நோட்டீஸை ஒரே வரியாக்கியிருந்தோம்: "குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்." முட்டத்தில் மீன் விற்கும் லூர்தம்மாள் அதைத் தட்டாமல் செய்தாள். முந்தின பேதியில் புருஷனைப் பறிகொடுத்தவள். மிச்சம் ஆறு வயது மகள் ஒருத்தி. மூடி வைத்த அவள் தண்ணீர்ப் பானையைக் காட்டி ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

அந்த மகளுக்கே பேதி கண்டது. டாக்டரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பிள்ளை வாடிய கீரையாய்க் கிடந்தது. அடுக்களையில் தண்ணீர்ப் பானை மூடியபடி இருந்தது. பக்கத்தில் இன்னொரு பானை, பழஞ்சி. ராத்திரி மிஞ்சின சோற்றில் காய்ச்சாத கிணற்றுத் தண்ணீர். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டே விட்டேன், வெட்கங்கெட்டவன். அவள் அழுதுகொண்டே கேட்டாள்: "சோத்துல ஊத்துற தண்ணியப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே ஏமானே?"

கடற்கரையில்

மூன்று நாள் இழுத்துப் பறித்து, பிள்ளை பிழைத்தது. அடுத்த வாரம் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நோட்டீஸை விரித்தேன். லூர்தம்மாள் கூடையை இறக்கிவிட்டு என்னை ஓரமாக நிற்கச் சொன்னாள். கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "ஏட்டி, குடிக்கியதுக்கு மட்டுமில்ல, பழஞ்சிக்கும் காய்ச்சி ஆறின தண்ணிய ஊத்துங்க. எம்புள்ள செத்துப் பொழச்சிருக்கு!"

அந்த ஒற்றை வரியை ஆபீசில் நாலு பேர் உட்கார்ந்து திருத்தினோம். நாலு பேரில் ஒருவன்கூட ஜென்மத்தில் சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றியவனில்லை.