முதுகில் படாத புல்

நெப்ராஸ்காவின் சின்னக் கல்லூரி ஒன்றில் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குச் சட்டை துவைப்பவள் வெர்னா. அந்த அணியில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவது டுவேனின் வேலை. அவனைச் சாய்ப்பது எதிரணிப் பதினொரு பேரின் வேலை. நாலு வருடமாக அவன் வெள்ளைச் சட்டையில் முன்பக்கம்தான் புல்கறை. முதுகில் ஒரு பொட்டுப் பச்சை கிடையாது. பத்துப் பேர் மேலே பாய்ந்தாலும் முன்னால்தான் விழுவான். “தேய்ச்சுத் தேய்ச்சே என் கை போச்சுடா, பன்னிப்பண்ணைப் பயலே!” என்பாள், வாயெல்லாம் பெருமையாக.

கல்லூரியில் அவனுடைய கடைசி ஆட்டத்துச் சட்டையில் முதுகெல்லாம் பச்சை. அதைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினாள்.

“எந்தத் தடியன்டா உன்னை மல்லாத்துனான்?”

“ஒருத்தனும் இல்ல வெர்னாம்மா. எல்லாரும் போனப்புறம் மைதானத்துல நானேதான் படுத்தேன். அங்கேர்ந்து வானம் எப்படி இருக்கும்னு நாலு வருஷமா பார்த்ததே இல்ல.”