காக்கை தின்ற பிறகு

எங்கள் வீட்டுச் சமையலறை ஆணியில் ஒரு மூங்கில் கூடை தொங்குகிறது. விளிம்பு ஒரு பக்கம் பிரிந்து, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். அடிப்பாகம் முழுக்கக் கருஞ்சிவப்புக் கறை. சாம்பல், புளி, சோப்புத்தூள் என்று என்னென்னவோ போட்டுத் தேய்த்தாயிற்று, போகவில்லை. கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்தபோது மருமகள் இதைக் குப்பையில் போடப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் அந்த ஆணிப் பக்கமே வருவதை விட்டுவிட்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

கூடை என் ஓரகத்தியுடையது, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியுடையது. அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். ஓரகத்திகள் என்றால் கீரியும் பாம்பும் என்பது எங்கள் பக்கத்து முடிவு. திருநாவலூர்ப் பக்கமிருந்து, வடக்கனந்தலைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூருக்கு நான் வாழ்க்கைப்பட்டபோது, "பெரியவகிட்ட உஷாரா இரு" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். நான் உஷாராகத்தான் இருந்தேன். ஆனால் சண்டை போடுவதற்கு எதிராளி வேண்டுமே. நான் எகிறினால் அவள் சிரிப்பாள். சிரிக்கிறவளிடம் எத்தனை நாள்தான் எகிற முடியும்?

நான் போன மறு வருஷமே அவள் கணவர் மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்து இறந்துபோனார். அவளுக்குப் பிள்ளை இல்லை. பாகம் பிரித்ததில் மலையோரத்து மேட்டுக்காடு அவளுக்கு வந்தது. மண்ணைவிடக் கல் ஜாஸ்தி. சுற்றியிருந்தவர்கள் மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்ட இடத்தில் அவள் மல்பெரி வைத்தாள். பட்டுப்புழுவுக்கு இலை ஒடிக்கிற குட்டைச் செடி இல்லை, பழத்துக்காகவே வளர்க்கிற மரம். வேலியோரம் களா, கிணற்று மேட்டில் நெல்லி. கடை உரமோ கடை மருந்தோ உள்ளே வரக்கூடாது என்று ஒரே பிடிவாதம். "பழத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறா?" என்று ஊர் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மல்பெரி காத்திருக்கிற பழமில்லை. விடியலில் பறித்தால் பொழுது சாய்வதற்குள் கசிந்துவிடும். நல்லதாகப் பொறுக்கி முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிப் பழக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஒரு கூடை நிறைய வேலிப் படலுக்கு வெளியே கல்லின்மேல் வைப்பாள். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் சுமந்து இறங்குகிறவர்களும், களையெடுக்கப் போகிற பெண்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். "எடுத்துத் தின்னுங்க. கூடைய மட்டும் வெச்சிட்டுப் போங்க" என்பாள். கூடையே ஒரு மலைக்காரப் பெண் பழம் தின்ற நன்றிக்குப் பின்னிக் கொண்டுவந்து கொடுத்ததுதான். யாரும் அள்ளி எடுத்துப் போனதில்லை. பின்னால் வருகிறவருக்கு என்று ஒரு கை விட்டுவைப்பார்கள்.

இதைத் தாராளம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அது அவ்வளவு சுலபமான விஷயமில்லை. தாலியறுத்தவள் கையால் எங்கள் ஊர் எதையும் வாங்காது. குங்குமம் வாங்காது, பூ வாங்காது. கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்கிற வீட்டுப் பக்கம் அவள் போனால் பேச்சு நின்றுவிடும். அதே பெண்கள் அந்தப் படலருகே நின்று, அவள் கையிலிருந்து வாங்கி, வாயெல்லாம் சிவக்கத் தின்றார்கள். பழத்துக்கு மட்டும் எப்படியோ விலக்கு கிடைத்திருந்தது. சாயங்காலம் காலிக் கூடையை இடுப்பில் தட்டிக்கொண்டே வருவாள். "கூட காலியா வந்தாதான்டி சின்னவளே, எனக்குச் சோறு எறங்குது" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப்பிறகு நான் சிரிக்கவில்லை.

பூச்சிக்கு அவள் வைத்திருந்தது ஒரு மண்பானை. வேப்பிலை, நொச்சி, எருக்கு, ஊமத்தை எல்லாவற்றையும் இடித்துப் பசுமூத்திரத்தில் ஊறப்போடுவாள். கிளை கழித்துக் கவாத்து செய்து முடித்து, துளிர் விடுகிற சமயத்தில் ஒரு முறை தெளிப்பதோடு சரி. காய் பிடித்துவிட்டால் பானையைக் கவிழ்த்துவிடுவாள். "இன்னா ஊத்தறீங்க, இப்பிடி நாறுது?" என்று படலில் நின்று யார் கேட்டாலும் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள், ஊமத்தையைக்கூட. வேப்பிலை என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் என்ன என்று நான் கடிந்திருக்கிறேன். "கேக்கறாங்க, சொல்றேன். இதுல இன்னா மறைக்கறதுக்கு?" என்றாள். அவள் செய்த தப்பு என்று சொன்னால் அது ஒன்றுதான்.

ஒரு மாசி மாதம், மரமெல்லாம் பழமாக இருந்த சமயம், பக்கத்துக் காட்டுப் பங்காளி மக்காச்சோளம் விதைத்தார். கடையில் வாங்குகிற விதையில் பூச்சி அண்டாமலிருக்கச் சிவப்பு மருந்து பூசியிருப்பார்கள். ஊன்றியது போக மிச்சத்தை வரப்பிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் அக்காவின் மல்பெரி மரங்களின் கீழே மைனாக்கள் செத்துக் கிடந்தன. சில இன்னும் சிறகை இழுத்துக்கொண்டு கிடந்தன. விதையைக் கொத்திவிட்டு வழக்கம்போல மரத்துக்கு வந்திருக்கின்றன. அலகெல்லாம் பழச்சாறு.

களையெடுக்கப் போன பெண்கள் படல் வழியாகப் பார்த்தது அந்த அலகைத்தான். வெயில் ஏறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பங்காளி வீட்டுக்காரி தெருவில் நின்று, "ஊமத்தய அரச்சு மரத்துக்கு ஊத்திக்கினு இருந்தா பட்சி சாவாம இன்னா பண்ணும்? நாளைக்கு நம்ம புள்ளைங்கதான்!" என்று கத்தினாள். கடையில் சீல் வைத்து விற்றது ஊருக்கு மருந்து. வேலியில் முளைத்தது விஷம்.

எனக்கு வாயும் கையும் சும்மா இருக்காது. ஒரு மைனாவைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடை வாசலுக்குப் போனேன். கூட்டத்துக்கு நடுவில் அதன் வயிற்றைக் கத்தியால் கீறி, உள்ளே இருந்த மருந்துச் சிவப்பு ஏறிய மக்காச்சோளத் துணுக்குகளை எடுத்துக் காட்டினேன். "பழத்தத் தின்ன வயிறு செவப்பாத்தான் இருக்கும்" என்றார் ஒருவர். வரப்பைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று ஆட்களைக் கூட்டிப் போவதற்குள் அங்கே விதை கிடந்த இடத்தில் புதுமண் வெட்டிப் போட்டிருந்தார்கள். திரும்பி வருகையில் ஒரு கிழவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ரெண்டு ஓரகத்தியும் ஒரே பேச்சு பேசறாளுங்கன்னா உள்ள ஏதோ இருக்குதுங்க." நாங்கள் அடித்துக்கொண்டிருந்தால் என்னை நம்பியிருப்பார்களோ என்னவோ.

அக்கா யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. மைனாக்களை மரத்தடியிலேயே குழி வெட்டிப் புதைத்தாள். மறுநாள் விடியலில் பழம் பறித்து, கூடையை அதே கல்லில் வைத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதையின் அந்த ஓரமாக ஒதுங்கி ஓடினார்கள். சாயங்காலம் கூடை நிறைந்தபடியே திரும்பி வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். படலருகே நின்று, போகிறவர்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக் காட்டினாள். "பாருங்க, நானே தின்றேன், எனக்கு இன்னா ஆச்சு?" என்பாள். தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒருநாள் அந்தக் கூடை பின்னிய மலைக்காரப் பெண் சுமையை இறக்கிவிட்டு இரண்டு கையாலும் அள்ளினாள். எதிர்க்காட்டிலிருந்து யாரோ, "ஏம்மா, துன்னாத! செத்துப் பூடுவ!" என்று கூவினார்கள். அவள் அக்காவைப் பார்த்தாள், காட்டைப் பார்த்தாள். அள்ளியதை மெதுவாகக் கூடையிலேயே போட்டுவிட்டுச் சுமையைத் தூக்கிக்கொண்டாள். அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை.

மல்பெரி முடிந்து களா வந்தது, களா முடிந்து நெல்லி வந்தது. கூடை மட்டும் நிறைந்தே வந்தது. எல்லாம் எருக்குழிக்குப் போயிற்று. நிறுத்தித் தொலையேன் என்று நான் அழுதேகூடக் கேட்டேன். "நிறுத்திட்டா அவங்க சொன்னது நெசம்னு ஆயிடும்" என்றாள். ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். மறு வருஷம் மாசியில் மரம் மறுபடி சிவந்தபோது, ஒரு காலை பறித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். பழம் தின்று செத்தாள் என்று ஊர் சொன்னது.

கருமாதிக்கு எல்லோரும் வந்தார்கள். சாவுக்குச் சொன்னால் வராமலிருக்க எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. தோட்டத்துக் கிணற்று மேட்டில் இலை போட்டோம். சோறு, வடை, பாயசம், அதன் பக்கத்தில் அன்று காலை நான் பறித்த பழம், அவளுடைய கூடையிலேயே. கூடையைக் கண்டதும் கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. என் வீட்டுக்காரர் கற்பூரம் காட்டிவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டார். நேரமாயிற்று, வரவில்லை. "மனசு ஆறல போலிருக்குது" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு ஒன்று வந்து நெல்லிக்கிளையில் உட்கார்ந்தது. கீழே இறங்கியது. சோற்றைத் தொடவில்லை, வடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கூடை விளிம்பில் ஏறி, ஒரு பழத்தைக் கொத்தி விழுங்கியது. இன்னொன்றும் எடுத்தது. மூன்றாவதை அலகில் கவ்விக்கொண்டு மலைப் பக்கம் பறந்தது.

அவ்வளவு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பங்காளி வீட்டுக்காரிதான் முதலில் முன்னால் வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "அவளே வந்து துன்னுட்டுப் போறா. இனி இன்னா பயம்?" என்று சொல்லி ஒரு கை எடுத்துக்கொண்டாள். அவள் பின்னால் மற்றவர்கள். பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள், முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஒரு வருஷம் அவள் உயிரோடு, இதே பழத்தை, இவர்கள் எதிரில் தின்று காட்டியிருக்கிறாள். எனக்கு அந்த இலையை வாரி அவர்கள் முகத்தில் வீச வேண்டும்போல இருந்தது. ஆனால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் இருந்திருந்தால் கொடுத்திருப்பாள்.

இப்போது அந்த மேட்டில் மக்காச்சோளம். மரங்களை வெட்டியாயிற்று. கூடையில் வெங்காயமாவது போட்டு வைக்கலாமே என்று போன வாரம் மருமகள் பயந்துகொண்டே கேட்டாள். வேண்டாம், அது காலியாகவே இருக்கட்டும் என்றேன். கருமாதி முடிந்து அதை நான்தான் இடுப்பில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒரு பழம் மிச்சமில்லை. அன்றைக்குக் கூடை காலியாகத்தான் வந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.