பக்கத்தில் இருப்பவர் ஊற்ற வேண்டும்

நாலு மணி நேர விமானப் பயணத் தூரத்தில், கல்கரியில் இருக்கும் மகளிடம் போய் அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். ஒருவழி விமான ரிக்கற்றும் எடுத்தாயிற்று. அதை என் கணவரிடம் சொல்லத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிப்பதற்காவது இரண்டு பேர் பேச வேண்டுமே! முப்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் அவர் கூட்டாளிகளோடு வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ற்றில் இருந்து குடிப்பார். நான் மேலே மீன் பொரித்து, தட்டைக் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு வருவேன். எங்கள் சனத்தில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். பெண்கள் மேலே, போத்தல் கீழே.

அவருக்குக் கடைகளின் குளிர்பெட்டிகளைத் திருத்தும் வேலை. எங்கள் வீட்டுப் பக்கம், மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் உள்ள சின்ன ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையின் மீன்பெட்டியையும் அவர்தான் பார்க்கிறவர். போன ஞாயிறு பின்னேரம், "வெளிக்கிடும், அங்க சாப்பிடப் போவம்" என்றார். நான் திகைத்துப்போனேன். கலியாணவீடு, செத்தவீடு தவிர என்னை எங்கும் கூட்டிக்கொண்டு போகாத மனிதர். சரி, இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று புறப்பட்டேன்.

எட்டுப் பேர் இருக்கக்கூடிய நீளமான மரமேசை. அதற்கு அப்பால் நின்று கடைக்காரரே மீன் வெட்டினார். முதலில் கணவாய் வந்தது. வாழ்நாளில் எத்தனை கணவாயைக் கழுவிக் கறி வைத்திருப்பேன்! அதுவே பச்சையாக, நூல்நூலாக வெட்டப்பட்டுத் தட்டில் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன். இனித்தது. இப்படி ஒரு இனிப்பு இருப்பது தெரியாமல் இத்தனை காலமும் மிளகாய்த்தூளைப் போட்டு மூடியிருக்கிறேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அடுத்தது சூடைமீன். நான் மொறுமொறுவென்று பொரிக்கிற அதே சூடை, துளி இஞ்சியோடு நாக்கில் கரைந்துபோனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் கணவாயும் இந்தச் சாக்கேயும் ஒரே ஊர்" என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு சின்னப் போத்தலையும் இரண்டு கோப்பைகளையும் வைத்தார். அந்த ஊர் மலைத்தண்ணீரில் அரிசியைப் புளிக்கவைத்து எடுக்கும் மதுவாம்.

இவர் பழக்கதோஷத்தில் தன் கோப்பையைத் தானே நிரப்பி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்தபடி பொரியலைத் தேடினார். கடைக்காரர் சிரித்துவிட்டார். தனக்குத் தானே ஊற்றக்கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும், அதுதான் தங்கள் வழக்கம் என்றார். இவர் அசடு வழிந்தார்.

"இவ குடிக்கமாட்டா" என்று பதற்றத்தில் கடைக்காரரிடம் தமிழிலேயே சொன்னார்.

"ஆர் சொன்னது?" என்று என் கோப்பையை இவர் பக்கம் தள்ளினேன்.

இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்து ஊற்றினார். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு தேத்தண்ணீர்கூட ஊற்றித் தந்தவர் இல்லை. குடித்தேன். முதலில் பழத்தின் வாசம், பிறகு சோற்றுக்கஞ்சியின் மெல்லிய மணம். அரிசி தின்றே வளர்ந்த எனக்கு, அரிசி இப்படியும் ஆகுமா என்று வியப்புத் தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவருடைய கோப்பை வெறுமையாக இருந்தது. போத்தல் கைக்கெட்டும் தூரத்தில்தான். அவர் தொடவில்லை. பேஸ்மென்ற் ராசா ஒரு கோப்பைக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்! நான் ஊற்றினேன்.

"மகள் சொன்னவள்" என்றார். "ரிக்கற் ஒருவழியாம்."

போத்தலைக் கீழே வைத்தேன். "எப்ப சொன்னவள்?"

"போன மாசம். உம்மோட என்னண்டு கதைக்கிறதெண்டு தெரியேல்லை. அதுதான் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனான்." கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்: "திரும்பி வருவீரோ?"

எத்தனையோ நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தது வேறு பேச்சு.

"நீங்கள் அங்க வந்து கூப்பிட்டா வருவன்" என்றேன்.

நான் சொல்லி முடிக்குமுன்பே "ஓம், வருவன்" என்றார்.