மதிலின் மூக்கு

தெருவில் எல்லோரும் அவளைக் கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பார்வைக் குறை ஒன்றும் கிடையாது. கோட்டை மதிலில் விரிசல் விட்ட இடங்களில், விரிசலுக்குக் குறுக்கே விரலகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டையை ஒட்டி வைத்திருப்பார்கள். விரிசல் ஒரு நூல் அசைந்தாலும் பட்டை உடைந்துவிடும். அப்படி முப்பத்தொரு பட்டைகள். திங்கட்கிழமைதோறும் அவற்றைப் பார்த்துவந்து நோட்டில் எழுதுவது அவள் வேலை. பதினொரு வருஷமாக எழுதுகிறாள்.

அதற்கு முன்னால், மதில் இடுக்குகளில் முளைக்கிற செடிகளைப் பிடுங்கும் ஆட்களில் ஒருத்தியாக இருந்தாள். செடியோடு பெயர்ந்து வந்த கல்லை அதே இடத்தில் அதே பக்கமாக வைக்காமல் நகரமாட்டாள். இதைக் கவனித்த, கோட்டை மராமத்தைப் பார்க்கிற என்ஜினீயரம்மா நோட்டைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டாள். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. கையெழுத்து மட்டும் மணி மணியாக இருக்கும். "கவலைப்படுறதுல டாக்டர் பட்டம் வாங்கினவ" என்பான் அவள் புருஷன், கொத்தனார். பால் பொங்கிவிடுமோ என்று பொங்குவதற்கு முன்பே அடுப்பை அணைப்பாள். அணைத்தபின் காய்ந்ததோ இல்லையோ என்று உட்கார்ந்து கவலைப்படுவாள்.

கோட்டை ஒரு குன்றின்மேல் இருந்தது. குன்றை மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு ஓடியது. நாலாவது பக்கத்தில் பாறையை வெட்டி அகழி தோண்டியிருந்தார்கள். அங்கே இருக்கும் வாசலுக்குள் நேராக நுழைய முடியாது. யானை ஓடிவந்து முட்ட முடியாதபடி வழி இரண்டு தடவை மடங்கித் திரும்பும். வருகிறவர்களெல்லாம் அந்த வாசலைத்தான் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆற்றுப் பக்க மதிலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கட்டினவர்கள் மெனக்கெட்டது அங்கேதான். வெளியே ஒரு கல்சுவர், உள்ளே ஒரு கல்சுவர், நடுவில் மண். பீரங்கிக் குண்டு வந்து விழுந்தாலும் மண் அதை விழுங்கிவிடும். மதிலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு சின்னக் கீற்று நிலம். எதிரிக்குக் கால் வைக்கக்கூட இடம் தரக்கூடாது என்று வெறுமனே விட்ட நிலம் அது. இப்போது அங்கே பத்தொன்பது வீடுகள் நின்றன. எல்லா வீட்டுக்கும் பின்சுவர் கோட்டை மதில்தான். பதினோராவது வீடு அவளுடையது.

மதிலின் அடியில், முழங்கால் உயரத்தில், பத்தடிக்கு ஒரு துளை விட்டிருந்தார்கள். உள்ளே இறங்குகிற மழைத்தண்ணீர் வடிவதற்காக. வீட்டுக்கு ஒரு துளை, எல்லாம் சமையலறையில். மழைக்காலம் வந்தால் அது சொட்டும், பிறகு ஒழுகும். தெருவில் அதற்குப் பெயரே மூக்கு. "மதிலுக்குச் சளி பிடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு குழாயைச் சொருகித் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பிவிடுவார்கள். எத்தனை குழாய் சொருகினாலும் சுவர் ஈரம் போகாது. அவள் மகளுக்கு இழுப்பு உண்டு. ஈரச் சுவர் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன கோடையில் அவள் புருஷனிடம் சொன்னாள், "அந்த மூக்கை அடைச்சு விடுங்க. ஊருக்கெல்லாம் பூசறீங்க, நம்ம வீட்டுல பூசக் கை வராதா?"

அவன் அடைத்தான். கல்லும் சிமெண்டும் கெட்டித்து, மேலே வழவழவென்று இழைத்துப் பூசினான். சுவர் காய்ந்தது. மகளின் இருமலும் குறைந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து பார்த்துவிட்டு, "எனக்கும் அப்படியே ஒண்ணு" என்றார். அவரைப் பார்த்து அடுத்த வீடு. வேலைக்குப் போன இடங்களில் மீந்த சிமெண்டைக் கொண்டு கோடை முடிவதற்குள் பத்தொன்பது மூக்கையும் அவன் அடைத்துவிட்டான்.

அவளுக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு நினைத்துப் பார்த்தபோது அவளாலேயே இதை நம்ப முடியவில்லை. மேலே அவள் படிக்கிற மதில் வேறு, கீழே அவள் சமைக்கிற சுவர் வேறு என்றே இத்தனை வருஷமும் இருந்துவிட்டாள். மேலே போனால் நோட்டு, கீழே வந்தால் அடுப்பு.

இந்த வருஷம் வெள்ளிக்கிழமை பிடித்த மழை திங்கட்கிழமை காலையிலும் விடவில்லை. குடையோடு மேலே ஏறினாள். பதினாறு வரை முழுசாக இருந்தது. பதினேழு உடைந்திருந்தது. பதினெட்டில் பாதிப் பட்டையைக் காணவே காணோம். விரிசலுக்குள் சுண்டுவிரல் போனது. எட்டிப் பார்த்தாள். நேர் கீழே அவள் வீட்டுத் தகரக் கூரை. காலடியில் தண்ணீர் கணுக்கால் வரை தேங்கி நின்றது. மற்ற வருஷங்களில் மழை பெய்யும்போதே இந்த இடம் வற்றிக்கொண்டிருக்கும். எங்கே வற்றும் என்று யோசித்தாள். கீழே இருக்கிற மூக்குகள் வழியாகத்தான்.

அங்கேயே நின்று என்ஜினீயரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மூக்குல தண்ணி எப்படி வருது அக்கா? கலங்கலா வருதா, தெளிவா வருதா?"

"வரலை மேடம்."

"இந்த மழைக்கு வரலையா? ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். "பார்த்துட்டுச் சொல்றேன் மேடம்" என்றுதான் வந்தது.

"வரலைன்னா அவ்வளவும் உள்ள நிக்குதுன்னு அர்த்தம். முதல்ல ஆளுங்களை வெளிய அனுப்புங்க. நான் கிளம்பிட்டேன், வர எப்படியும் மத்தியானம் ஆயிடும்."

மழைக்கு வேலை இல்லாமல் கொத்தனார் வாசலில் உட்கார்ந்து கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பதினேழு போச்சு. பதினெட்டும் போச்சு."

"கண்ணாடிதானே. பலமா இடி இடிச்சாலே உடையும்."

"இந்த வருஷம் எந்த வீட்டுலயாவது மூக்கு ஒழுகுதா?"

"எப்படி ஒழுகும்? பூசினது யாரு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். கரண்டியைக் கீழே வைத்தான். "நானூறு வருஷமா நிக்குது. நாலு நாள் மழைக்கா விழுந்துடப் போகுது?"

"நானூறு வருஷமும் மூக்கு திறந்திருந்துச்சு."

"மேடத்துக்கிட்ட அடைச்சதைச் சொன்னியா?"

"சொல்லலை."

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிட்டுப் போனது. அதைப் பார்த்ததும் அவள் பயம் இரண்டு மடங்கானது. "சொல்லாத" என்றான் அவன். "கோட்டையில ஒரு கல்லைத் தொட்டாலே கேஸு. அப்புறம் மராமத்து வேலைக்கு என்னை வாசப்படி ஏத்தமாட்டாங்க."

அவள் சமையலறைக்குள் போனாள். மூன்று நாளாக அலமாரிக் கதவு சாத்தமாட்டேன் என்று மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. கீலைச் சரிபண்ணுங்கள் என்று அவனை நச்சரித்துக்கொண்டும் இருந்தாள். இப்போது பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். கீலில் ஒன்றுமில்லை. சுவர் வயிறு தள்ளி, அலமாரியையே முன்னால் நெட்டியிருந்தது. அவனைக் கூப்பிட்டு அவன் கையையும் பிடித்து அங்கே வைத்தாள். அதற்கப்புறம் அவன் கேஸைப் பற்றிப் பேசவில்லை. கடப்பாரையைத் தேடப் போனான்.

மகளைப் பையும் மருந்துமாக மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவு கதவாகத் தட்டினாள். பாதிப் பேர் கிளம்பினார்கள். தையல்காரர் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"ஆறு வரப்போகுதுன்னு ரெண்டு தடவை, பாறை உருளப்போகுதுன்னு ஒரு தடவை. உன் பேச்சைக் கேட்டு மூணு தடவை மெஷினைத் தூக்கிட்டு ஓடியிருக்கேன் தங்கச்சி. என் மெஷின் என்னைவிட அதிகமா ஊர் சுத்தியிருக்கு."

"நாலாவது தடவையும் தூக்குங்க அண்ணே."

"இந்தத் தடவை என்னத்தைக் கண்ட?"

அவள் அவருடைய சமையலறைச் சுவரைக் காட்டினாள். "இதை அடைச்சது தப்பு அண்ணே. உள்ள தண்ணி கட்டிக்கிட்டு நிக்குது. முதல்ல அடைக்கச் சொன்னது நான்."

அவர் அவளையே பார்த்தார். "நீ மதிலைப் பத்தித் தெரிஞ்சவன்னு நினைச்சுத்தானே நாங்க எல்லாரும் அடைச்சோம்?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெஷினின் தலையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பாராமல் நடந்தார். அவர் போவதைப் பார்த்து மிச்சப் பேரும் கிளம்பினார்கள்.

நடுவில் வயிறு தள்ளிய இடத்தில் முதலில் கை வைக்கப் பயந்து, கொத்தனார் தெருவின் இரண்டு கோடியிலிருந்தும் மாறி மாறி உடைத்துக்கொண்டு வந்தான். நேருக்கு நேராக நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நின்று கடப்பாரையால் குத்தினான். முதல் வீட்டில் பூச்சு விட்டதும் தண்ணீர் கயிறு மாதிரி பீய்ச்சி எதிர்ச்சுவரில் அடித்தது, செம்மண் கலரில். பத்தொன்பதாம் வீட்டிலும் அப்படியே. ஒவ்வொரு துளையிலும் அவள் ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். கலங்கல் என்றால் உள்ளேயிருக்கும் மண்ணும் சேர்ந்து கரைந்து வருகிறது. தெளியட்டும், தெளியட்டும் என்று அவள் வாய் ஓயாமல் முணுமுணுத்தது. தெளியவில்லை.

அந்தப் பக்கம் எட்டு, இந்தப் பக்கம் ஏழு. நடுவில் நாலு மிச்சம் இருந்தபோது மதிலுக்குள்ளிருந்து தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"போதும், வாங்க."

"இன்னும் நாலுதான். விட்டேன்னா..."

"வாங்கன்னா வாங்க."

கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு அவளோடு மேட்டுக்கு வந்தான். கால்மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. மேட்டில் நின்றவர்களில் யாரோ மறுபடியும் புரளியா என்று முணுமுணுப்பது காதில் விழுந்தது. அவர்கள் சொல்வதே உண்மையாக இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். அப்புறம் மதில் நடுவில் மெல்லக் குந்தி உட்கார்ந்தது. சாயக்கூட இல்லை. நடக்க முடியாத ஒரு பெரிய உடம்பு அப்படியே தரையில் உட்காருகிற மாதிரி இருந்தது. தையல்காரர் வீடு, அவள் வீடு, அதற்கடுத்த வீடு மூன்றின் மேலும் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் மற்ற மதில் நின்றது. தலைகளை எண்ணினாள், மறுபடி எண்ணினாள், மூன்றாவது தடவையும் எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள்.

மத்தியானத்துக்குமேல் வந்த என்ஜினீயரம்மா சரிந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மதிலின் உள்வயிறு திறந்து தெரிந்தது. மண்ணுக்கு நடுவில், கருங்கல்லில் செதுக்கிய ஒரு வாய்க்கால் சரிவாக இறங்கி வந்தது. மேலே பொடிக்கல், கீழே வரவரப் பெரிய கூழாங்கல் என்று தரம் பிரித்து நிரப்பியிருந்தார்கள். தண்ணீர் போகலாம், மண் போகக்கூடாது. அதன் வாயில், ஒரு பலாக்கொட்டை மாதிரி வழவழவென்று, சிமெண்ட் கட்டி அப்பியிருந்தது. கொத்தனார் அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"இது யாரு வேலை?" என்று கேட்டாள் என்ஜினீயரம்மா. தெரு முழுக்க அங்கேதான் நின்றது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கொத்தனாரைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் மனசில்லை. தையல்காரர்கூட, மழையில் நனைந்த மெஷின் தலையை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சும்மா இருந்தால் போதும், இது இப்படியே போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

நின்றுகொண்டிருந்த பதினாறு வீட்டையும் பார்த்தாள். நடுவில் ஒன்பதாம் வீட்டுத் துளை இன்னும் அடைத்தபடியே இருந்தது. நாளைக்கு எல்லோரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். திறந்த மூக்கெல்லாம் ஒழுகும். இரண்டு மழைக்குப் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவது மழைக்கு யாராவது ஒருவர் ஒரு துணியைச் சுருட்டித் திணிப்பார்.

"என் வீட்டுலதான் ஆரம்பிச்சுது மேடம்" என்றாள். "நான் சொல்லித்தான் அவரு அடைச்சாரு. காலையில நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

கொத்தனார் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்புறம்?" என்றாள் என்ஜினீயரம்மா.

"அப்புறம் பத்தாவது வீடு, பன்னெண்டு, ஒன்பது..." அடைத்த வரிசை மாறாமல், பத்தொன்பது வீட்டையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.