முழு லோடு

ஆபரேட்டர் போல்ட்டில் நட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். வலது கைக் கட்டைவிரல் மடங்குவதை நிறுத்திவிட்டதால் போல்ட்டை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையின் இரண்டு விரல்களால் நட்டைத் திருகினார். பாதி தூரத்தில் நட்டு கோணிக்கொள்ளும். கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். விரல் பயிற்சிக்கென்று நான் முதலில் சட்டைப் பொத்தான்களைத்தான் கொடுத்திருந்தேன். பொத்தானெல்லாம் வீட்டில் வேறொருத்தி வேலை, தனக்கு இரும்பு வேண்டும் என்று கிண்ணத்தோடு திருப்பித் தந்துவிட்டார்.

தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. ஆபரேட்டர் என்றால்தான் தெரியும். உயரமான கட்டடங்கள் எழும்பும்போது அவற்றுக்கும் மேலே நிற்குமே ஒற்றைக்கால் கிரேன், அதன் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து ஆயுளில் பாதியைக் கழித்தவர். முதலில் கீழே நின்று கொடி காட்டுகிற வேலை. பிறகு ஏணி ஏறினார். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். சாப்பாடு மேலேதான், அவசரத்துக்கு ஒரு பாட்டிலும் மேலேதான். பத்து டன் தூக்கலாம் என்றால் ஏழோடு நிறுத்துகிறவர் என்று அவருக்குப் பெயர். மிச்சம் வைக்காமல் தூக்குகிறவன் ஒருநாள் கீழே இருப்பவனைக் கொல்வான் என்பது அவர் கட்சி. மேனேஜர்கள் திட்டியிருக்கிறார்கள். அவர் கூண்டின் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஒருநாள் லிவர் பிடியிலிருந்து கட்டைவிரல் தானாக நழுவியது. சுமையைப் பத்திரமாக இறக்கி வைத்தார், ஏணியில் இறங்கி வந்தார், என் கையை நானே நம்பவில்லை, இனி ஏறமாட்டேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். வைத்தியம் அதற்குப் பிறகுதான். நரம்பு நோய் என்றார்கள். கையில் தொடங்கி மெல்ல உடம்பெல்லாம் பரவும், போனது திரும்பாது. டாக்டர் இதைக் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்தே சொன்னார். கேட்டுக்கொண்டு வந்தவர்கள் அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அந்த வீட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது நிலைமை இதுதான். கால்களும் தளர்ந்து வீல்சேர், தரைத்தளத்தில் ஓர் அறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கை எட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர்.

அவர் மனைவி கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவள். மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே உட்கார்ந்து தைப்பாள். கம்பெனி கடைசியாகக் கொடுத்த பணத்தில் மருந்துக்கு ஒதுக்கியது போக ஒரு பகுதியைத் தனியாக எடுத்துவைத்து, உங்களுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தாள். அவர் நிதானமாக யோசித்து, கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஓடுகிற கம்ப்யூட்டர்.

அவளுடைய தம்பி கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எதை எதை வாங்குவது என்று முடிவுசெய்ய வந்தான். கிரேன் ஓட்டுகிற விளையாட்டுகூட இருக்கிறது, வாங்கட்டுமா என்று மாமாவை வம்புக்கு இழுத்தான்.

"சம்பளம் குடுப்பானா?"

"அது இல்ல மாமா."

"அப்ப வேணாம். ஓசியில எவன் தூக்குவான்?"

தம்பி சிரித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தான். கைவசம் இருக்கிற பணத்துக்கு எல்லாமே உயர்ந்ததாக வாங்க முடியாது. அதனால் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிற யோசனையையே இங்கேயும் சொன்னான். மதர்போர்டு பெரிதாக, நல்லதாக வாங்கிவிடுவோம். அதில்தான் மற்ற எல்லாம் பொருந்துகிறது. பிராசஸரும் சுமாருக்கு மேல் ஒன்று. படத்தைத் திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்டை மட்டும் இப்போதைக்குச் சின்னதாகப் போட்டுக்கொள்வோம். அடுத்த வருஷம் பணம் சேர்ந்ததும் அதைக் கழற்றிவிட்டுப் பெரியது.

சின்னக் கார்டில் விளையாட்டு எப்படி இருக்கும் என்று ஆபரேட்டர் கேட்டார். நன்றாகவே ஓடும், தூரத்தில் இருப்பது மட்டும் தெரியாது, பக்கத்தில் உள்ள மலையும் வீடும் தெரியும், அதற்கப்பால் பனிமூட்டம் மாதிரி மூடிக் காட்டும் என்றான் தம்பி.

ஆபரேட்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"பெரிய கார்டு போட்டா?"

"தொடுவானம் வரைக்கும் தெரியும் மாமா."

"அதைப் போடு."

பணம் இடிக்கும் என்றான் தம்பி. இன்னொரு வழியும் இருக்கிறது, கடையில் ஒரு பெரிய கார்டு செகண்ட் ஹேண்டில் கிடக்கிறது, போர்டு மலிவானதாக எடுத்துக்கொண்டால் அதை வாங்கிவிடலாம். ஆனால் பிற்பாடு எதையும் மாற்றமுடியாது. கார்டுக்கு வாரண்டியும் மூன்று மாதம்தான்.

"எனக்கு டாக்டர் அதுகூட எழுதித் தரலையே மச்சான்" என்றார் ஆபரேட்டர்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். தையல் மெஷின் நின்றது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே செய்வதற்கு வேலை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும், பாத்திரமெல்லாம் நான் கழுவிக் கவிழ்த்திருந்தேன். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தம்பி தன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஆபரேட்டரின் பாதங்களைச் சரியாக மிதிபலகையில் எடுத்துவைத்தேன். இப்படிப்பட்ட நேரங்களில் குனிந்து செய்ய ஏதாவது ஒரு வேலை வேண்டும்.

அவள் ஈரக் கையோடு வந்து அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

"மிச்சம் வைக்கணும், மிச்சம் வைக்கணும்னு ஊரெல்லாம் சொன்னது யாரு? அடுத்த வருஷம் மாத்திக்கலாம்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"ஒண்ணும் குறையல" என்றார். "அடுத்த வருஷமும் நான் இங்கதான் இருப்பேன். இந்தக் கை இருக்காது. எவ்வளவு பெரிய கார்டு வாங்கிட்டு வந்தாலும் நான் பாக்கலாம், அவ்வளவுதான். ஓட்ட முடியாது."

"அப்படியெல்லாம் யாரு சொன்னா?"

"உன் பக்கத்துலதான உக்காந்து கேட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்திருக்கலாம். இந்த நோயை இன்னும் இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். பொய் சொன்னால் அன்றைக்கு மட்டும் எல்லோரும் தூங்குவார்கள். கையும் சீக்கிரம் போய்விடும், அதில் சந்தேகமில்லை, மவுஸைவிட, லிவர் மாதிரிப் பிடிக்கிற ஜாய்ஸ்டிக் அவர் பிடிக்கு இன்னும் கொஞ்ச காலம் கூட நிற்கும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள் என்றேன்.

"சிஸ்டரம்மா செலவு வைக்கிறதுலேயே இருக்காங்க" என்றார் ஆபரேட்டர்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து கட்டிலில், தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள். இவர்கள் டாக்டரிடம் போய்வந்த நாளிலிருந்து சுற்றிச்சுற்றி விலகிப் போன விஷயம் நடுவீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. இனி அதை விரட்டமுடியாது என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குரல் மாறவில்லை. கேள்விகள்தான் மாறின. பழைய கார்டு நடுவில் படுத்துக்கொண்டால் யார் வருவார்கள்? தான் வருவதாகத் தம்பி சொன்னான். நீ வெளியூரில் இருந்தால்? இருந்த இடத்திலிருந்து வருவேன் அக்கா என்றான். சத்தம் வருமா? விளையாடும்போது காற்றாடி கொஞ்சம் இரையும் என்றான். மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளியவளுக்கு அது பெரிதில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். போர்டு சின்னது. கேபினெட்டுக்குக் கண்ணாடிக் கதவு, கலர் விளக்கு எல்லாம் போயிற்று, வெறும் தகரப் பெட்டி. ராம் என்கிற மெமரியும் இப்போதைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே. 'இப்போதைக்கு' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுத் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆபரேட்டர் அதைக் கவனிக்காதவர்போல மேலே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தருகிற பவர் சப்ளையிலும் மலிவானது ஒன்று இருக்கிறது, இந்தக் கார்டைத் தாங்கிக்கொள்ளும், சரியாக இருக்கும் என்று அவன் சொன்னபோதுதான் கையை உயர்த்தினார். முழங்கை வரைதான் உயர்ந்தது.

"அதுல கை வைக்காத. அது கயிறு. கயிறுல மிச்சம் இருக்கணும்."

"முழு லோடுன்னு முடிவு பண்ணிட்டீங்களே மாமா."

"கொக்கியில எவ்வளவு வேணா மாட்டு. கயிறு அறுந்தா பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அவள் சிரித்தாள். அழுதுவிட்டு வந்த முகம், ஆனாலும் சிரித்தாள். நல்ல பவர் சப்ளைக்கு இடிக்கிற பணத்தைப் பட்டறையில் முன்பணமாகக் கேட்கிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்பதற்குள் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் பட்டறைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தம்பியோடு கடைக்குப் போனாள். அந்தப் பழைய கார்டை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லி, அதே விமான விளையாட்டைப் போடவைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். போதும் அக்கா என்று தம்பி சொல்லியும் எழுந்திருக்கவில்லை. தூரத்து மலை தெரிகிறதா என்று அவனிடம் இரண்டு தடவை கேட்டாளாம். திரைக்கு முன்னால் இருப்பது அவள்தான், இருந்தாலும் கேட்டாளாம்.

நான் அதற்குள் ஆபரேட்டரைக் குளிப்பாட்டி, முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்திருந்தேன். மேஜையை ஜன்னல் ஓரத்துக்கு இழுத்துப்போடச் சொன்னார். வெளிச்சம் திரையில் பட்டுக் கூசும் என்றேன். திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், அந்தச் சுவரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றார். இழுத்துவிட்டேன். ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் கார்டு இருந்த பெட்டியை மட்டும் தம்பியிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துப் பெட்டியை லேசாக உயர்த்தி எடை பார்த்தார்.

"கனமாத்தான் இருக்கு" என்றார்.

"பிரிங்க" என்றாள் அவள்.

ஒட்டுத்தாளின் நுனியை அவரே உரித்தார். நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.